பூச்சுக்கும் பூச்சுக்கும் நடுவே: கித்தான் கேனூவுக்கு ஃபில்லர் பூசும் நேரக் கணக்கு

போன அத்தியாயத்தில் கித்தானை இழுத்து, ஓரம் நெடுக ஆணி அடித்து, இரண்டு முனைகளையும் மூடி முடித்தோம். படகு இப்போது தாங்கு கட்டைகளின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. அடுத்த வேலை ஃபில்லர். நெசவின் கண்களை அடைத்து, வெறும் துணியைத் தண்ணீர் புகாத வழவழப்பான தோலாக்குவது இதுதான். பெயிண்ட் அதன் மேல் வரும் நிறமும் மெல்லிய காப்பும்தான். ஃபில்லர் சரியில்லையென்றால் எவ்வளவு நல்ல பெயிண்டும் நிற்காது.

இந்த வேலையில் கைநேர்த்தியைவிட நேரம் முக்கியம். புதிதாகச் செய்பவர்கள் பூச்சுக்கும் பூச்சுக்கும் நடுவே ஒரு நாள் விட்டுவிடுகிறார்கள். கடைசிப் பூச்சு முடிந்ததும் ஒரே வாரத்தில் பெயிண்ட் அடித்துவிடுகிறார்கள். வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடித்துப் பழகிய கை இப்படித்தான் செய்யும். கேனூவில் கணக்கு தலைகீழ். பூச்சுகள் மூன்றும் நிமிடக் கணக்கில், ஒரே மூச்சில் முடிய வேண்டும். அதன் பிறகு வாரக் கணக்கில் அதைச் சும்மா விட வேண்டும்.

## ஏன் இப்படி?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், பெனோப்ஸ்காட் ஆற்றை ஒட்டிய ஊர்களில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிர்ச் மரப்பட்டைக்குப் பதிலாகக் கித்தானைப் போர்த்திக் கேனூ கட்டத் தொடங்கினார்கள். எண்ணெய் ஃபில்லரின் அடிப்படை அன்றைக்கு இருந்ததுபோலத்தான் இன்றும் இருக்கிறது: காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், தின்னர், எனாமல் பெயிண்ட், மாவாக அரைத்த சிலிக்கா, சிறிதளவு ஜப்பான் டிரையர். அந்தக் காலத்தில் ஈயவெள்ளையும் சேர்த்தார்கள். அது நஞ்சு, பழைய செய்முறை எதையாவது பார்த்துவிட்டு அதைத் தேடிப் போகாதீர்கள்.

இந்தக் கலவைக்குள் இரண்டு வேலை நடக்கிறது. தின்னர் சில நிமிடங்களிலேயே ஆவியாகத் தொடங்கும், மினுமினுப்பு மங்கும். எண்ணெய் ஆவியாகாது. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்து மெல்ல மெல்ல இறுகும். மேலிருந்து கீழாக இறுகுவதால், பால் ஆறும்போது ஆடை கட்டுவதுபோல் மேற்பரப்பு முதலில் மூடிக்கொள்கிறது. ஆடை கட்டுவதற்கு முன் அடுத்த பூச்சு போனால் இரண்டும் ஒன்றாகும். கட்டிய பிறகு போனால் இரண்டும் தனித்தனி அடுக்காகவே நிற்கும்; நடுவில் எண்ணெய் பச்சையாக அடைபட்டுக் கிடக்கும். பின்னாளில் அந்த இடத்தில்தான் வெடிப்பு விடும்.

## தொடங்கும் முன்

1. நாளைத் தேர்ந்தெடுங்கள். 18 முதல் 25 டிகிரி வெப்பம், மழையில்லாத நாள், நிழல், காற்றோட்டம். ஒன்டாரியோவில் வீட்டு கராஜில் வேலை செய்யும் நம்மவர்களுக்கு மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நல்ல காலம். குளிர்காலத்தில் சூடேற்றாத கராஜில் பூசினால் எண்ணெய் இறுகுவது அநேகமாக நின்றுபோகும். வசந்தம் வந்து கதவைத் திறக்கும்போதும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

2. அளவு. 16 அல்லது 17 அடி நீளப் படகு, 10ஆம் எண் கித்தான் என்றால் சுமார் 4 லிட்டர் பிடிக்கும். அரை லிட்டர் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பூச்சின் நடுவில் சரக்குத் தீர்ந்து, புதிதாகக் கலக்கப் போவதற்குள் பதம் தவறிவிடும்.

3. பிசிரைப் பொசுக்குங்கள். கித்தானின் மேல் நிற்கும் நுண்ணிய நூல் பிசிரை கேஸ் டார்ச்சால், ஓரிடத்திலும் நிறுத்தாமல் தடவிக்கொண்டே போய்ப் பொசுக்கலாம். பூஞ்சைத் தடுப்பு மருந்து அடிப்பதாக இருந்தால் அதைப் பொசுக்கிய பிறகே அடிக்க வேண்டும். மருந்திலிருக்கும் கரைப்பான் தீப்பிடிக்கும். மருந்து அடித்த கித்தானுக்குப் பக்கத்தில் டார்ச் வரவே கூடாது. மருந்தின் வாடை முழுக்கப் போன பிறகு ஃபில்லரைத் திறங்கள்.

4. பதம். பிரஷ்ஷை எடுத்துப் பிடித்தால் ஃபில்லர் மெதுவாக வழிய வேண்டும். நீராகச் சொட்டக் கூடாது. பூச எளிதாக இருக்கட்டும் என்று தின்னரை மேலும் மேலும் ஊற்றாதீர்கள். நீர்த்த ஃபில்லர் துணியைத் தாண்டி உள்ளே இறங்கி, கித்தானைச் சீடர் பலகையோடு ஒட்டிவிடும். கித்தான் பலகையோடு ஒட்டாமல் தனியாக இருக்க வேண்டும். அப்போதுதான் பல ஆண்டுகள் கழித்து மரம் பழுதாகாமல் அதை உரித்து மாற்ற முடியும்.

5. ஒரு ஆளைத் துணைக்குக் கூப்பிடுங்கள். ஒருவர் பூச, இன்னொருவர் பின்னாலேயே தேய்த்துக்கொண்டு வருவது நல்லது. தனியாகச் செய்யவும் முடியும், ஆனால் வெயில் ஏறுவதற்குள் காலையிலேயே தொடங்கிவிட வேண்டும்.

## பாதுகாப்பு: இதைத் தாண்டிப் போகாதீர்கள்

எண்ணெய்த் துணி தானாகத் தீப்பற்றும். ஆளிவிதை எண்ணெய் ஆக்சிஜனை இழுக்கும்போது சூடு பிறக்கிறது. துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஏறி, சில மணி நேரத்தில் துணி எரியத் தொடங்கும். இந்த வேலையில் துடைக்கும் துணியை மட்டும் நினைத்தால் போதாது. தேய்க்கப் பயன்படுத்தும் கித்தான் கையுறையும், மடித்த கித்தான் துண்டும் எண்ணெயில் ஊறியிருக்கும், மறந்துபோவது அவற்றைத்தான். ஒவ்வொன்றையும் விரித்து, வீட்டுக்கு வெளியே, ஒன்றன்மேல் ஒன்று படாமல் காயப்போடுங்கள். முடியாதென்றால் தண்ணீர் நிரப்பிய, மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் அமிழ்த்துங்கள். கடைசிப் பூச்சு முடிந்ததும் குளிக்கப் போவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை இது.

சிலிக்கா மாவு நுரையீரலில் போய்ப் படியும். அது திரும்ப வெளியே வராது. சிலிகோசிஸ் என்ற நோய்க்குக் காரணம் அதுதான். உலர் மாவைக் கலக்கும்போதும், இறுகிய ஃபில்லரை உப்புத்தாளால் தேய்க்கும்போதும் முகத்தோடு நன்றாகப் பொருந்தும் தூசித் தடுப்பு முகமூடி வேண்டும். துணியால் தைத்த முகக்கவசம் போதாது. தரையில் சிந்தியதை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பழைய கித்தானில் ஈயம் இருக்கும். 1970களுக்கு முந்தைய படகு என்றால் இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உரித்த கித்தான் இன்னும் கராஜில் கிடந்தால், ஃபில்லர் திறப்பதற்கு முன் பையில் கட்டி, ஊராட்சி சொல்லும் அபாயக் கழிவு இடத்தில் சேர்த்துவிடுங்கள். குழந்தைகள் விளையாடும் இடத்தில் அதை விரிக்கவே வேண்டாம்.

தின்னர் ஆவி சேரும் இடம் என்பதால் கதவுகள் திறந்திருக்கட்டும். அருகில் ஹீட்டரோ, பைலட் சுடர் எரியும் அடுப்போ இருக்கக் கூடாது.

## பூசும் முறை

1. டப்பாவை அடிவரை கிளறுங்கள். சிலிக்கா கனமானது, விட்டால் அடியில் போய்த் தங்கிவிடும். சில நிமிடத்துக்கு ஒருமுறை கிளறாவிட்டால் முதல் பாதி படகுக்கு எண்ணெயும், கடைசிப் பாதிக்கு மண்ணும் பூசியதாக ஆகும். இரண்டும் ஒரே வேகத்தில் இறுகாது.

2. படகின் ஒரு பக்கத்தை நடுவிலிருந்து ஒரு முனை வரை எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான, குட்டையான மயிருள்ள பிரஷ்ஷால் ஃபில்லரை வைத்து, நெசவுக்குள் அழுத்தித் தேயுங்கள். இந்த முதல் பூச்சில் அழகு பார்க்க வேண்டாம். நூலுக்கும் நூலுக்கும் நடுவே இறங்கியிருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

3. ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். இரண்டாவது பக்கம் முடியும்போது முதல் பக்கத்தின் தொடக்கத்தில் மினுமினுப்பு மங்கத் தொடங்கியிருக்கும்.

4. மங்கிய இடத்திலிருந்து இரண்டாவது பூச்சு. முதலாவதைவிட மெல்லியதாக, குறுக்கும் நெடுக்குமாக.

5. அதே வரிசையில் மூன்றாவது பூச்சு. இதில் நெசவின் கட்டம் பாதி மறைந்திருக்க வேண்டும். முழுதாக மறைக்கிறேன் என்று கெட்டியாக அப்பாதீர்கள்.

6. கடைசிப் பூச்சு மங்கியதும் கித்தான் துண்டால் தேய்ப்பு. இது தனி வேலை; கீழே விரிவாகச் சொல்கிறேன்.

குறிப்பு: வழியில் நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் பக்கவாட்டின் நடுவில் நிறுத்தாதீர்கள். அடியின் நடுக்கோட்டில் நிறுத்துங்கள். அடிக்கட்டை பொருத்துகிற படகானால் இணைப்பு அதன் கீழே மறைந்துவிடும்.

## மினுமினுப்பைப் படிப்பது எப்படி?

20 டிகிரியில் இரண்டு பூச்சுகளுக்கு நடுவே பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம் ஆகும். சூடு ஏற ஏற இது குறையும், குளிர்ந்தால் நீளும். ஆனால் கடிகாரத்தைப் பார்த்து இந்த வேலையைச் செய்ய முடியாது. ஒரே படகில் காற்றுப்படும் முனை ஒரு வேகத்திலும், சுவரை ஒட்டிய பக்கம் வேறு வேகத்திலும் மங்கும்.

ஒரு கைவிளக்கை எடுத்து, படகின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். வெளிச்சம் மேற்பரப்பைச் சாய்வாகத் தடவிச் செல்ல வேண்டும். ஈரமான இடம் விளக்கைத் திருப்பிக் காட்டும். தின்னர் போன இடம் சாம்பல் பூத்து நிற்கும். முதலில் நூல்களின் முதுகு மங்கும். நூல்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் புள்ளி புள்ளியாகப் பளபளப்பு மிஞ்சியிருக்கும். அடுத்த பூச்சுக்கு இதுதான் சரியான பதம். பள்ளமும் மங்கும்வரை விடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கண்ணில் சந்தேகம் இருந்தால், கையுறை போட்ட விரலின் பின்புறத்தால் லேசாகத் தொடுங்கள்.

- ஃபில்லர் விரலோடு வந்தால் இன்னும் சீக்கிரம். அடுத்த பூச்சைப் போட்டால் பிரஷ் முதல் பூச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போகும்.
- விரல் பிடித்து இழுக்கிறது, ஆனால் எதுவும் ஒட்டவில்லை என்றால் பதம்.
- விரல் வழுக்கிக்கொண்டு காய்ந்ததுபோல் போனால் ஆடை கட்டிவிட்டது. நிறுத்துங்கள். என்ன செய்வது என்று பின்னால் வருகிறது.

## கடைசித் தேய்ப்பு

இந்த ஒரு கட்டத்தை அவசரமில்லாமல் செய்தால் படகின் பாதி அழகு வந்துவிடும். மிச்சமான கித்தானில் உள்ளங்கை அளவு மடித்து ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது கித்தானிலேயே ஒரு கையுறை தைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பூச்சின் பளபளப்பு முற்றிலும் அடங்கியதும், சின்னச் சின்ன வட்டமாக, உள்ளங்கையின் முழு எடையையும் கொடுத்துத் தேயுங்கள். மேட்டில் நிற்கும் ஃபில்லர் நகர்ந்து பள்ளத்தில் போய் உட்காரும். தேய்க்கத் தேய்க்கக் கைக்குக் கீழே சொரசொரப்பு குறைவதை உணர முடியும்.

சீக்கிரமே தேய்த்தால் துண்டு ஃபில்லரைப் பள்ளத்திலிருந்து பிடுங்கி வெளியே எடுக்கும். நெசவு மறுபடி தெரியும். உடனே நிறுத்திவிட்டு 10 நிமிடம் பொறுங்கள். தாமதமாகத் தேய்த்தால் ஃபில்லர் திரிதிரியாக உருளும். அப்போது துண்டின் மேல் சில சொட்டு தின்னர் விட்டு, அந்த இடத்தில் மட்டும் மெல்லத் தேயுங்கள். ஃபில்லரின் மேல் நேரடியாகத் தின்னர் ஊற்ற வேண்டாம்.

முனைகளில் கித்தான் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தையும், ஆணித் தலைகளுக்குப் பக்கத்தையும் கடைசியில் தனியாகப் பாருங்கள். கை தானாகவே அங்கே அதிகம் அப்பியிருக்கும். அங்குதான் இறுகுவதும் தாமதம், வெடிப்பதும் முதலில். மிகையானதை வழித்துவிடுங்கள்.

நெசவின் கட்டம் மங்கலாகத் தெரிந்தால் கவலைப்படாதீர்கள். பெயிண்ட் அதை மூடும். கண்ணாடிபோல் வர வேண்டும் என்று நான்காவது, ஐந்தாவது பூச்சு போடுவது எனக்கு உடன்பாடில்லை. படகு கனக்கும், இறுகும் காலம் நீளும், தடிமனான ஃபில்லர் சுருங்கும்போது விரிசல் விடும்.

## இனி வாரக் கணக்கு

எண்ணெய் ஃபில்லர் முழுதாக இறுக 4 முதல் 6 வாரம் வேண்டும். குளிர்ந்த, ஈரமான பருவத்தில் இன்னும் கூடும். மெய்னில் உள்ள ஓல்ட் டவுன் தொழிற்சாலை, தான் கட்டிய ஒவ்வொரு படகுக்கும் வரிசை எண் போட்டு, வேலைக் கட்டங்களைத் தேதியோடு அட்டையில் பதிந்து வைத்தது. ஒரே படகின் வேலை மாதக்கணக்கில் நீண்டிருப்பதை அந்த அட்டைகளில் பார்க்கலாம். கைதேர்ந்த ஆட்கள் நிறைந்த தொழிற்சாலையே அப்படிப் பொறுத்திருக்கிறது.

முதல் இரண்டு நாள்: யாரும் தொட வேண்டாம். பக்கத்தில் மரம் அறுப்பது, பெருக்குவது எதுவும் வேண்டாம். தூசி அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

முதல் வாரம்: காற்றோட்டம் மட்டும் போதும். வெயிலில் தூக்கிப் போட்டால் சீக்கிரம் காயும் என்று தோன்றும். வெயில் மேற்பரப்பை மட்டும் சுட்டு மூடிவிடும். உள்ளே இறுகுவது இன்னும் தாமதமாகும்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: மேற்பரப்பு கைபட்டால் தடம் விழாத அளவுக்குக் கெட்டியான பிறகு படகைத் திருப்பலாம். வெளி ஓரச்சட்டத்தைச் சீவி அளவெடுப்பது, இருக்கைக்குப் பிரம்பு பின்னுவது, உள்பக்கம் வார்னிஷ் அடிப்பது என்று செய்ய வேலை நிறைய இருக்கிறது. உள்பக்கத்தைத் தேய்த்த தூசி வெளிப்பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் வாரத்திலிருந்து: சோதனை.

1. நகத்தால் அழுத்துங்கள். தடம் நின்றால் இன்னும் ஒரு வாரம்.
2. 120ஆம் எண் உப்புத்தாளால் உள்ளங்கை அகலத்துக்குத் தேயுங்கள். உலர்ந்த மாவாக உதிர்ந்தால் இறுகிவிட்டது. தாளில் பிசினாக அடைத்துக்கொண்டால் இறுகவில்லை. மூன்று சோதனைகளிலும் நம்பத் தகுந்தது இதுதான்.
3. மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் முகருங்கள். எண்ணெய் வாடை பச்சையாக அடித்தால் பொறுங்கள்.

இந்த மூன்றையும் அடியின் நடுப்பகுதி, பக்க வளைவு, முனை ஆகிய மூன்று இடங்களிலும் செய்ய வேண்டும். நடுப்பகுதி தேறிவிட்டது என்பதற்காக முனையை விட்டுவிடாதீர்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

டிரையரை அள்ளி ஊற்றுவது. சீக்கிரம் காயட்டும் என்று ஜப்பான் டிரையரை இரண்டு மடங்கு சேர்ப்பார்கள். மேற்பரப்பு ஒரே நாளில் காய்ந்ததுபோல் தோன்றும். உள்ளே மாதக்கணக்கில் மெத்தென்றே இருக்கும். மேலே சுருக்கம் விழும். செய்முறை சொல்லும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம்.

இறுகாத ஃபில்லர் மேல் பெயிண்ட். பெயிண்ட் இறுகி நின்றுவிடும், கீழே ஃபில்லர் சுருங்கிக்கொண்டே இருக்கும். அடுத்த கோடையில் வறண்ட ஏரித்தரை மாதிரி மேற்பரப்பு முழுக்கக் கட்டம் கட்டமாக வெடிக்கும். இதற்கு ஒட்டுவேலை கிடையாது. கித்தானை உரித்துப் புதிதாகப் போர்த்த வேண்டும்.

நூல் தெரியும்வரை உப்புத்தாள் போடுவது. நூல் அறுந்தால் பிசிர் எழும்பும். அது பெயிண்டையும் தாண்டித் தெரியும். மேட்டை மட்டும் தட்டையாக்குங்கள்.

## பதம் தவறிவிட்டால்

முதல் பூச்சுக்குப் பிறகு அவசர வேலை வந்து, மறுநாள் காலையில்தான் திரும்பினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆடை கட்டியிருக்கும். பயந்து உடனே இரண்டாவது பூச்சைப் போட்டுவிடாதீர்கள். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. முதல் பூச்சு முழுதாக இறுகும்வரை, மேலே சொன்ன சோதனைகளில் தேறும்வரை விடுங்கள். பிறகு முகமூடி போட்டுக்கொண்டு, 120ஆம் எண் தாளால் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைத்து, மீதிப் பூச்சுகளை மெல்லியதாக, ஒரே மூச்சில் போடுங்கள். அதன் பிறகு மறுபடி முழுக் காத்திருப்பு. ஒரு மாதம் வீணாகும். கித்தான் தப்பிக்கும்.

## தண்ணீர் கலந்த ஃபில்லர்

குழாய்களுக்கு மேல் சுற்றும் காப்புத் துணியில் பூசுகிற, தண்ணீரில் கரைந்த பசை வகை ஒன்று உண்டு. கேனூ வேலையில் பலர் அதையும் பயன்படுத்துகிறார்கள். இதில் நேரக் கணக்கு வேறு: ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகே அடுத்தது. சில நாட்களில் பெயிண்ட் அடித்துவிடலாம், துணி தீப்பற்றும் பயமும் இல்லை. ஆனால் காய்ந்த பிறகு உப்புத்தாளுக்கு எளிதில் மசியாது, ரப்பர் மாதிரி இழுக்கும். அதனால் பூசும்போதே வழவழப்பாக்கிவிட வேண்டும். டப்பாவைக் குளிரில் உறைய விடக் கூடாது. அவசரமாகப் படகு வேண்டும் என்பவர்களுக்கு இது சரி. பழைய படகை அதன் பழைய முறையிலேயே மீட்க விரும்புகிறவர்களுக்கு எண்ணெய் ஃபில்லரையே சொல்வேன்.

எண்ணெய் ஃபில்லர் பூசியவர்கள் ஒரு காகித டேப்பில் தேதியை எழுதிப் படகின் உள் ஓரச்சட்டத்தில் ஒட்டிவையுங்கள். மூன்று இடங்களிலும் உப்புத்தாளில் மாவு உதிரும்வரை பெயிண்ட் டப்பாவை வாங்கவே வாங்காதீர்கள். கராஜில் டப்பா இருந்தால் கை சும்மா இருக்காது.